தெற்கே பார்க்கும் கோபுரம்

லீல், 9 ஏப்ரல் 1972

அன்புள்ள லெயோனி அக்காவுக்கு,

ரோசலின் எழுதுவது. நானும் அவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் முட்டி வீக்கம் வடிந்ததா? இங்கே ஈஸ்டருக்குக்கூட வெயில் எட்டிப் பார்க்கவில்லை. துவைத்த துணி மூன்று நாளாக அடுப்பங்கரையில் தொங்குகிறது. அதற்கு அடியில் குனிந்துதான் காபி போடுகிறேன்.

உனக்கு ரோமானிய அரங்கத்தில் வழிகாட்டி வேலை கிடைத்ததாக அம்மா எழுதியிருந்தாள். ரொம்பச் சந்தோஷம். அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வயிறும் எரிந்தது. தினமும் அதன் கோபுர உச்சியில் நின்று ஆர்ல் நகரத்து ஓட்டுக் கூரை எல்லாவற்றையும் பார்ப்பாய். அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள். என் சன்னலைத் திறந்தால் நூற்பாலையின் செங்கல் சுவர் ஒன்றுதான்.

உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. யாருக்கும் சமைத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். கஸ்பாருக்கு ரயில்வே சங்கத்தில் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை மார்செய்க்குக் கூட்டத்துக்குப் போய்வருகிறார். ரயில்வேக்காரர்களுக்குப் பயணம் இலவசம், எனக்குத்தான் சலவைக்கடையில் லீவு கிடையாது. நம் ஊர் வழியாகத்தான் ரயில் போகிறது, இறங்க நேரமில்லை என்கிறார்.

மேலேயிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று எழுது. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை
ரோசலின்


ஆர்ல், 23 ஏப்ரல் 1972

அன்புள்ள ரோசலினுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். அம்மாவின் முட்டி அப்படியேதான், வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. ஒண்டிக்கட்டைக்கும் பசிக்கும் என்பதால் தினமும் சமைக்கத்தான் செய்கிறேன். உன் தகவலுக்காகச் சொல்கிறேன்.

வேலை இப்படி. வாசலில் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கீழ் வளைவுகளைச் சுற்றி வர வேண்டும். ரோமானியர்கள், சிங்கம், அடிமைகள். பிறகு, ஒரு காலத்தில் இந்த அரங்கத்துக்குள்ளேயே ஒரு ஊர் இருந்தது, வீடும் தெருவும் கோயிலுமாக, என்று சொல்வேன். யாரும் நம்ப மாட்டார்கள். போன வாரம் பாரிஸ்காரி ஒருத்தி, "அப்ப துணி எங்கம்மா காயப்போட்டாங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளில் யாரும் கேட்காத நல்ல கேள்வி.

காளை ஆட்டத்தைச் சொல்லும்போதுதான் சண்டை வரும். "காளையைக் கொல்லுவீங்களா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். "இல்லீங்க, இங்க நாங்க கொம்புல கட்டின நாடாவைத்தான் அறுப்போம். காளை சாயங்காலம் வீட்டுக்குப் போயிடும். மனுஷன்தான் சில சமயம் ஆஸ்பத்திரிக்குப் போவான்" என்பேன். சிரிப்பார்கள்.

கடைசியில் கோபுரம். குறுகின படி, எல்லோருக்கும் மூச்சு வாங்கும். மேலே போனதும் பேச்சு நின்றுவிடும். ரோன் ஆறு, கூரைகள், வடக்கே மலை, தெற்கே கண்ணுக்கெட்டிய வரை சதுப்பு நிலம். இரண்டாயிரம் வருஷக் கட்டடத்தின் தலையில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரும் தேடுவது தான் தங்கியிருக்கும் ஓட்டலைத்தான். நான் எதைத் தேடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

லெயோனி


லீல், 14 மே 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் கைதான் இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டு கொப்பளித்திருக்கிறது.

ஒரு வேடிக்கை கேள். என் பக்கத்து வீட்டு மதாம் தெல்பெக் கோயில் கூட்டத்தோடு பஸ்ஸில் தெற்கே போனாள். ஆர்லுக்கும் வந்திருக்கிறாள், உன் கூட்டத்தில்தான் சுற்றியிருக்கிறாள்! திரும்பி வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரே புகழாரம். "உங்க அக்காவுக்கு என்னா கம்பீரமான குரல்! ஒரு இடத்துல தடுப்புக் கட்டையைத் தொட்டுக் காட்டி, இங்கதான் ஒரு ஆட்டக்காரனுக்குத் தொடையில கொம்பு எறங்குச்சுன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு மயக்கமே வந்திருச்சு."

என் வீட்டுக்காரர் தொடையை ஊருக்கெல்லாம் காட்டுகிறாயா அக்கா? பெயராவது சொல்லாமல் விட்டாயே, அந்த மட்டில் நன்றி.

அப்புறம் அவள் இன்னொன்று சொன்னாள். "மேல கோபுரத்துல ஒருத்தர் நின்னுட்டிருந்தாரு. காலை லேசா இழுத்து நடக்கிறாரு. உங்க அக்கா தன்னோட ரொட்டியில பாதியைப் பிச்சு அவருக்குக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்ல ஜோடி." அவள் கஸ்பாரை நன்றாகப் பார்த்ததில்லை. காலையில் இருட்டோடு போகிறவர், இருட்டியபின் வருகிறவர்.

யார் அக்கா அது? உனக்கு ஒரு துணை அமைந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். அந்த வாரம் கஸ்பார் மார்செயில் கூட்டத்தில் இருந்தார்.

பதிலை உடனே எழுது.

ரோசலின்


ஆர்ல், 11 ஜூன் 1972

அன்புள்ள ரோசலினுக்கு,

சுகம்தானே? கைக்கொப்பளத்துக்கு ஆலிவ் எண்ணெய் தடவு, வெண்ணெய் தடவாதே. வடக்கே போனதும் எல்லாவற்றுக்கும் வெண்ணெயைத் தேடுகிறாய். பதில் தாமதம், மன்னிக்க வேண்டும். இங்கே கூட்டம் சொல்லி மாளாது. கொசு வந்துவிட்டது. அம்மா சன்னல் வலைக்குள் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களைத் திட்டுகிறாள்.

ஜெர்மன்காரர்கள் நாற்பது பேர் வந்தார்கள். ஒருவர் அளவுநாடா கொண்டுவந்து தூணை அளந்தார். ஒரு பிள்ளைத்தாய்ச்சி படியேறக் கூடாது என்றேன், ஏறிவிட்டாள். மேலே போய் அழுதாள். ஏன் என்று கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்தேன்.

கோபுரத்தில் யார் யாரோ நிற்கிறார்கள். டிக்கெட் வாங்கியவரை இறங்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ரொட்டி மீந்தால் புறாவுக்கும் போடுகிறேன்.

அம்மா உனக்கு லாவெண்டர் பை தைத்திருக்கிறாள், அனுப்புகிறேன்.

லெயோனி


லீல், 18 ஜூன் 1972

அக்கா,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. அம்மாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, ஜெர்மன்காரனின் அளவுநாடா வந்திருக்கிறது. எனக்கு அதுவே பதிலாகிவிட்டது. போன வாரம் "மார்செயிலிருந்து" வந்தவருடைய கழுத்து வெயிலில் கருத்திருக்கிறது. கூட்டத்தை நடுத்தெருவிலா போடுகிறார்கள்? குளிக்கும்போது சீட்டியடிக்கிறார். ஒன்பது வருஷத்தில் இந்த மனிதர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. அடுத்த தடவைக்கு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். போட்டேன் அக்கா. காலர் மடிப்பில் என் கண்ணீரும் சேர்ந்து வெந்தது.

பழசை நான் கிளறவில்லை, நீதான் கிளறவைக்கிறாய். அவர் காளை ஆட்டம் ஆடின காலத்தில் நீ உட்கார்ந்த பக்கமாகவே தடுப்பைத் தாண்டிக் குதிப்பார், ஊரே உங்களைச் சேர்த்துப் பேசியது. எனக்கும் தெரியும். ஆனால் அந்த ரபாஸ் காளை அவரைக் குத்திப்போட்ட அன்று நீ எங்கே போனாய்? ரத்தம் பார்க்க முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். காயத்துக் கட்டை அவிழ்க்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். இனி காளைப் பக்கமே போவதில்லை என்று அந்தக் கட்டிலில் வைத்துத்தான் என்னிடம் சத்தியம் செய்தார். நான் யாரையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. நீ விட்டுவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது திருப்பிக் கேட்கிறாயா? நெஞ்சைத் தொட்டு எழுது. கோபுரத்தில் நிற்பது அவர்தானா?

ரோசலின்


ஆர்ல், 9 ஜூலை 1972

அன்புள்ள ரோசலினுக்கு,

உன் கோபம் தணிந்து நீ நலமாக இருக்க வேண்டும். அம்மா நலம். நானும் என்றும் இல்லாத அளவுக்கு நலம்.

கேட்டாய், சொல்கிறேன். கஸ்பார்தான். ஜூலைப் பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாளும் வந்தான். வெள்ளைச் சட்டை நன்றாக இருந்தது, இஸ்திரியில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. மேலே வந்து தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றான். "லெயோனி, இந்தக் காத்து ஒண்ணு போதும். லீல்ல மூச்சு விடுறேன், ஆனா மூச்சு விட்ட மாதிரியே இல்ல" என்றான். ரொட்டியில் பாதி கொடுத்தேன், ஆலிவ் வைத்தது. அவனுக்கு அதுதான் பிடிக்கும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

சுற்றிக்காட்டும்போது இப்போதெல்லாம் என் குரல் எடுப்பாக இருப்பதாக மேலாளர் சொல்கிறார். பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். நேற்று ஒரு கிழவர், "இவ்வளவு சந்தோஷமா வேலை பாக்குற பொண்ணை இந்த வயசுல இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார்.

வேறு விசேஷம் இல்லை. வெயிலில் அலையாதே என்று உனக்கு எழுத வந்தேன். அங்கேதான் வெயில் கிடையாதே.

லெயோனி


ஆர்ல், 6 ஆகஸ்ட் 1972

அன்புள்ள ரோசலினுக்கு,

நலமா? நான்கு வாரமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபமாகவே எழுதலாம், தபால்காரர் எடை பார்த்துத்தான் காசு கேட்கிறார், உள்ளே இருப்பதைப் பார்த்து அல்ல. அம்மா தினமும் கேட்கிறாள். உனக்குச் சலவைக்கடையில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே தினம் ஆறு சுற்று. தொண்டை கட்டிவிட்டது. தேன் குடிக்கிறேன்.

லெயோனி


ஆர்ல், 27 ஆகஸ்ட் 1972

ரோசலின்,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. கஸ்பாரும் இந்த மாதம் வரவில்லை. அவருக்குக் கால் வலியா? இல்லை, நீ ஏதாவது செய்துகொண்டாயா? அம்மாவிடம் பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கோபுரத்தில் நின்று கூட்டத்துக்கு எதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றே சில நேரம் மறந்துபோகிறது.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


லீல், 17 செப்டம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு நலமாகத்தான் இருக்கிறேன், அவரும் அப்படியே. அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்ததும் எரித்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் அவர் "கூட்டத்துக்கு" கிளம்பினார். சலவைக்கடைக்காரியிடம் அம்மாவுக்குச் சீரியஸ் என்று சொல்லிவிட்டு அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன். ஆர்லில் இறங்கினார். பின்னாலேயே நானும். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அரங்கம். நான் பிறந்த ஊரில், நான் ஓடி விளையாடின இடத்துக்கு, டிக்கெட் வாங்கி உள்ளே வந்தேன் அக்கா. மேல் வரிசையில் ஒரு வளைவுக்குள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கோபுரம் நன்றாகத் தெரிந்தது.

முப்பது பெல்ஜியக்காரர்களுக்கு ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தாய். அவர் படியேறி வந்ததும் வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. முப்பது பேரும் காத்திருந்தார்கள், நீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வையைப் பார்த்த நிமிஷமே ஓடிவந்து உன் தலைமயிரைப் பிடித்திருப்பேன். பிடிக்காததற்குக் காரணம், அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டார். தெற்கேயே பார்த்துக்கொண்டு தின்றார். தின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பஸ் ஏறினார். ரொட்டி வண்டிக்காரனைக் கெஞ்சிப் பின்னாலேயே போனேன். ஃபவியே பண்ணையில் இறங்கினார். சதுப்பு வேலியோரம் நின்று யாருடனோ கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார். சரி, அக்கா இல்லை, இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டு போனேன். ரபாஸ்.

கிழட்டு ரபாஸ்! என் புருஷனைப் பொத்தலாக்கிய அதே காளை. வேலி மேல் முகவாயை வைத்துக்கொண்டிருக்கிறது, இவர் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

"சங்கக் கூட்டம் முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்டேன். மனிதர் வெளுத்துவிட்டார்.

"ரோசலின்! சத்தியமா... இல்ல, சத்தியம் பண்ணித்தானே மாட்டிக்கிட்டேன். காளைப் பக்கம் போகமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன். அதான் சொல்லல. இவனுக்கு வயசாயிடுச்சுடி. போஸ்டர்ல என் பேரை விடப் பெரிய எழுத்துல இவன் பேரு இருக்கும், பாத்திருக்கேல்ல? இவன் குத்துனதாலதான் ஊருக்கு நான் யாருன்னே தெரிஞ்சுது. கடைசிக் காலத்துல வந்து பாக்காம இருக்க முடியுமா?"

"பொம்பளைன்னு நெனச்சு வந்தேன்யா!"

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குக் காளை முன்னாலேயே ஓர் அறை விட்டேன். ரபாஸ் ஓர் அடி பின்வாங்கியது. நம் ஊரில் பிறந்த எனக்கு, ஆடி ஓய்ந்தவன் எவனும் தன் காளையைத் தேடிப் போவான் என்பது தெரியாமல் போயிற்றே என்று என்னையே இன்னோர் அறை விட்டிருக்க வேண்டும்.

இனிதான் விஷயம். பண்ணைக்கார ஃபவியே கிழவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "மொத தடவை உங்க அக்காதான் கூட்டிட்டு வந்தாங்க. ரபாஸ் இன்னும் இருக்கான், வந்து பாருன்னு சொன்னதே அவங்கதான். அப்புறம் அவங்க வரல. இவரு தனியாத்தான் வர்றாரு."

அப்படியானால் உனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். சத்தியத்துக்குப் பயந்து அவர் மறைத்தார், அது ஒரு முட்டாளின் பயம். நீ ஏன் மறைத்தாய்? "காளையைப் பார்க்க வருகிறார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? நான் இங்கே சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தேன். ஆற்றோரம்கூடப் போய் நின்றேன். ஏன் அக்கா?

ரோசலின்


ஆர்ல், 15 அக்டோபர் 1972

அன்புள்ள ரோசலினுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அம்மா சுகம். ஆற்றோரம் போனதை அவளுக்கு எழுதாதே. எனக்கும் எழுதாமல் இருந்திருக்கலாம், ஆனால் எழுதியது சரிதான், எனக்கு அது வேண்டியதுதான்.

ஒரு மாதமாக இந்தப் பதிலை எழுதிக் கிழிக்கிறேன். தெரியும் என்பது உண்மை. மார்ச்சில் அவரை ரயிலடியில் பார்த்தேன், அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார். ரபாஸைப் பற்றிச் சொன்னேன். கூட்டிக்கொண்டு போனேன். வேலியருகே ஒரு மணி நேரம் நின்றோம், பக்கத்தில் நான் நிற்பதே அவருக்கு நினைவில்லை. அதனால்தான் மறுபடி போகவில்லை. கோபுரத்துக்கு வருவதுகூட அங்கிருந்து சதுப்பு நிலம் தெரிகிறது என்பதற்காகத்தான். பஸ்ஸுக்கு நேரமிருக்கும்போது ஏறுவார். என்னிடம் பேசினதெல்லாம் காற்றைப் பற்றியும் காளையைப் பற்றியும்தான்.

உன் மே மாதக் கடிதம் வந்தது. "யார் அக்கா அது?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். ஒன்பது வருஷமாக உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். உன் கல்யாணப் படத்தை அம்மா துடைக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன். அவரை வைத்து முதல் முறையாக நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். அதை எப்படி நான் விடுவேன், சொல். ஒரே ஒரு கோடைகாலம் கஸ்பார் எனக்காக வருகிறான் என்று யாராவது நம்பட்டும் என்று நினைத்தேன். எனக்கே அந்த நம்பிக்கை இல்லை. உலகத்திலேயே அதை நம்பியவள் நீ ஒருத்திதான், ரோசலின்.

மன்னிப்பு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் விடவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

லெயோனி


லீல், 5 நவம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவரும் நலம். உனக்குத் தொண்டை சரியாயிற்றா? குளிர்காலத்தில் கூட்டம் குறையும், வாயைக் கொஞ்சம் மூடி வை.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் உனக்கு அவமானம். அவர் ஒருவேளை சந்தோஷப்பட்டுவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல். நம் இரண்டு பேரோடு போகட்டும்.

அந்தச் சத்தியத்திலிருந்து அவரை விடுவித்துவிட்டேன். ஆர்ல் ரயில்வே பட்டறைக்கு மாற்றல் கேட்டிருந்தார், கிடைத்துவிட்டது. வசந்தத்தில் வருகிறோம். ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு அறை வீடு பார்த்து வை. வெயில் படுகிற சன்னல் இருக்க வேண்டும். பண்ணைக்கு இனி நானும் அவரோடு போவேன், அதனால் உன் ரொட்டியை நீயே முழுசாகச் சாப்பிடலாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அந்தக் கோபுரத்தில் நீ பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அப்படி ஒரு நாளும் நான் அவரைப் பார்த்ததில்லை அக்கா. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குப் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. வராமல் இருந்தால் வந்து இழுத்துக்கொண்டு போவேன். அவர் பக்கத்தில் உன்னை உட்காரவைக்க மாட்டேன். எதிரேயும் வைக்க மாட்டேன். என் பக்கத்தில் உட்கார்.

உன் தங்கை
ரோசலின்